மேட்டூர் அணையிலும் செம்பரம்பாக்கம் ஏரியிலும் தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, கரையோரம் ஒரு பாட்டில் பிடித்துச் சோதித்தால் போதாதா?

போதாது. சென்னையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேட்டூர் அணையில் நீர்மட்டம் 120 அடி வரை நிற்கும். அந்த மாதிரி ஆழமான தேக்கத்தில் வெயில் காலத்தில் மேல்தண்ணீர் சூடாகி லேசாகிவிடும், குளிர்ந்த தண்ணீர் கீழே தனியாகத் தங்கிவிடும், இரண்டும் சுலபத்தில் கலக்காது. மேலே காற்று படுகிறது, பாசியும் பகலில் ஆக்சிஜன் விடுகிறது. அடியிலோ மக்குகிற இலைதழையும் கழிவும் இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அது தீர்ந்ததும் வண்டலில் கிடக்கும் இரும்பு, மாங்கனீசு, பாஸ்பரஸ் எல்லாம் கரைந்து மேலே வரத் தொடங்கும், அழுகிய முட்டை நாற்றமும் கூடவே வரும். கரையோரப் பாட்டிலில் இது எதுவுமே தெரியாது.

அதனால் படகில் போய்த்தான் எடுக்க வேண்டும், அதுவும் முக்கியமாகத் தண்ணீர் உறிஞ்சும் கோபுரத்துக்குப் பக்கத்தில், வெவ்வேறு ஆழங்களில். இரண்டு பக்கமும் திறந்த குழாய் போன்ற ஒரு பாட்டிலைக் கயிற்றில் இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் கயிற்றோடு ஒரு சின்ன எடையை நழுவவிட்டால் அது போய்த் தட்டி மூடிகள் மூடிக்கொள்ளும். மேலே இழுத்ததும் படகிலேயே, தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனைக் காட்டும் ரசாயனங்களான மாங்கனஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட்டுக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரளும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும். லேபுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போகிற வழியிலேயே அளவு மாறிவிடும்.

நேரமும் பார்க்க வேண்டும். பாசி மண்டிய ஏரியில் மதியம் ஆக்சிஜன் ஏகத்துக்கு ஏறியிருக்கும், விடியற்காலையில் அதே இடத்தில் அளவு ரொம்பக் குறைந்திருக்கும். வழக்கமான சுத்திகரிப்பு செய்து குடிக்கக் கொடுக்கும் நீராதாரத்தில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மதியம் மட்டும் அளந்துவிட்டு 4-ஐத் தாண்டியது என்று நிம்மதியாக இருக்க முடியாது.

நம்ம சென்னை ஏரிகள் வேறு ரகம். செம்பரம்பாக்கம் நிரம்பினாலே 24 அடிதான், பரப்புதான் பெரிது, நல்ல காற்று அடித்தால் அடிவரை கலந்துவிடும். இங்கே கவலை கோடையில் மட்டம் இறங்கிப் பாசி மண்டும்போது, அப்புறம் வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளம் வயல் உரத்தையும் சாக்கடையையும் அடித்துக்கொண்டு வரும்போது. கோடையில் குழாய்த் தண்ணீரில் மண் வாசனை அடித்தால் நீலப்பச்சைப் பாசி விடும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம். வடிகட்டிக் குளோரின் போட்டாலும் அது லேசில் போகாது, ஏரியிலேயே பாசி கூடுவதைக் கண்டுபிடித்தால்தான் உண்டு.

மிதவையில் சென்சார் கட்டிவிட்டால் இரவும் பகலும் அளக்கும், நல்ல விஷயம்தான். ஆனால் அதன் மேலேயே பாசி படிந்து தப்பான அளவு காட்ட ஆரம்பிக்கும், துடைத்துச் சரிபார்க்க ஆள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏரிகளின் நீர்மட்டமும் இருப்பும் தினமும் பேப்பரில் வருகிறது இல்லையா, அதற்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பது, பாசி அளவு மூன்றையும் போடச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.