ரத்தம் பட்ட சட்டையை ஏன் பாலித்தீன் பையில் போடக் கூடாது? தடய அறிவியல்: கேள்வி பதில்

ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இப்போது நீதிமன்றத்தில் இருக்கும் வழக்குகளைப் பற்றிக் கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அதற்குள் நான் போவதில்லை.

கயல்விழி, மதுரை: தடய அறிவியல் என்றால் பிரேதப் பரிசோதனைதானே சார்?

இல்லை. அது டாக்டரின் வேலை, சட்ட மருத்துவம். சம்பவ இடத்திலும் உடலிலும் கிடைத்த பொருள் என்ன, எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆய்வகத்தில் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. சென்னைக்கு இது புதிதல்ல. 1849-லேயே இங்கே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் வந்துவிட்டது.

முருகானந்தம், சேலம்: கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் தடயம் எதற்கு?

பார்த்தவர் சொல்வது நேரடி சாட்சியம். கத்தியில் ரத்தம், பீரோவில் கைரேகை போன்றவை சூழ்நிலைச் சாட்சியம். அதிலிருந்து நடந்ததை ஊகிக்க வேண்டும். அதனால் இது மட்டம் என்று நினைக்காதீர்கள். பார்த்தவர் மறப்பார், பயப்படுவார், பிறழ் சாட்சியாக மாறுவார். சூழ்நிலைச் சாட்சியத்தை மட்டும் வைத்தே தண்டிக்கலாம். ஆனால் சாட்சியச் சங்கிலியில் ஒரு கண்ணியும் விடுபடாமல் இருக்க வேண்டும், குற்றவாளி இவர் என்பதைத் தவிர வேறு விளக்கத்துக்கு இடம் இருக்கக் கூடாது. 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது. அதில் கண்ணிகள் சேராததால், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவர் விடுதலையானார்.

ஜெனிஃபர், நாகர்கோவில்: தடயங்களில் எத்தனை வகை? தேர்வுக்கு வேண்டும்.

பாடப்புத்தகம் நீளமாக அடுக்கும்: ரத்தம், உமிழ்நீர் போன்ற உயிரியல் தடயம், விஷம், மருந்து போன்ற வேதித் தடயம், ரேகை, டயர் தடம், செருப்புத் தடம், முடி, நூல், கண்ணாடித் தூள் போன்ற நுண்தடயம், அப்புறம் ஆவணம், போன், சிசிடிவி. எழுதிவிடுங்கள், மார்க் வரும்.

ஆனால் வேலைக்கு உதவுவது வேறு ஒரு பிரிவு. மண்ணில் 8-ம் எண் செருப்பின் தடம் இருக்கிறது. அந்த அளவில் ஊரில் எத்தனையோ பேர் போட்டிருப்பார்கள், ஆகவே அது வகையை மட்டும் காட்டும் தடயம். அதே தடத்தில் குதிகால் பக்கம் ஒரு வெட்டு, நடுவில் ஆணி ஏறிய ஓட்டை. சந்தேக நபரின் செருப்பிலும் அதே இடத்தில் அவை இருந்தால், இப்போது அது ஆளைக் காட்டுகிறது. முதல் வகையை இரண்டாவது மாதிரிப் பேசுவதுதான் செய்திகளில் தினமும் நடக்கிறது.

வெடிகுண்டு வழக்குகளில் இந்த வகைகள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். 1991 மே 21 இரவு, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலையான இடத்தில் உடல் பாகங்கள், துணிக் கிழிசல், ஒயர், பேட்டரித் துண்டு என்று எல்லாம் சிதறிக் கிடந்தன. அன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன் அவற்றை ஆராய்ந்துதான், குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டியிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். குண்டுவெடிப்பில் இறந்த போட்டோகிராபர் ஹரிபாபுவின் கேமரா மட்டும் சேதமாகாமல் கிடைத்தது. அதன் பிலிமில் இருந்த முகங்கள்தான் வழக்கைத் திறந்தன.

செந்தில், திருப்பூர்: தலைப்பில் இருக்கும் விஷயத்துக்கு வாருங்கள் சார்!

வருகிறேன். ஈரத் துணியைப் பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளே புழுங்கும், பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும், டிஎன்ஏ சிதையும். நிழலில் காயவைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்ற வேண்டும். இறந்தவர் சட்டையையும் சந்தேக நபர் சட்டையையும் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பினால், ஒன்றின் ரத்தம் மற்றதில் ஏறியது எப்போது என்று யாரால் சொல்ல முடியும்?

இன்னொன்று, விஷ வழக்கில் உள்ளுறுப்புகளை வழக்கமாக உப்புக் கரைசலில் வைப்பார்கள். உடல் பாகங்களைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிப்பதே சிக்கலாகிவிடும். மிஷின் எத்தனை கோடி ரூபாய் ஆனாலும், கெட்டுப்போய் வந்த மாதிரியை அது சரிசெய்யாது.

கையாண்ட வரிசையும் முக்கியம். யார் எடுத்தார், மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதும் போலீஸ் எழுதும் பதிவில்) என்ன எழுதினார், சீல் யாருடையது, எத்தனை நாள் எங்கே இருந்தது? குறுக்கு விசாரணையில் டிஎன்ஏ முடிவைவிட இதைத்தான் வக்கீல்கள் பிடிப்பார்கள்.

அருண், கோவை: ஒரே ஒரு முடி போதுமா?

வேர் ஒட்டியிருந்தால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. வெறும் முடித்தண்டு என்றால் பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா என்ற செல் உறுப்பின் டிஎன்ஏதான் கிடைக்கும். அது தாய் வழியில் வருவதால், அண்ணன் தம்பிக்குள் பிரித்துச் சொல்லாது.

ரஹீம், வாணியம்பாடி: கைரேகை பொய் சொல்லாது, சரிதானே?

ரேகை சொல்லாது, ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள் தவறலாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் ஒரு பையிலிருந்த ரேகை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையது என்று எஃப்பிஐ உறுதியாகச் சொல்லிக் கைது செய்தது. ஸ்பெயின் போலீஸ் வேறொருவருடையது என்று காட்டிய பிறகு எஃப்பிஐ மன்னிப்புக் கேட்டது. ரேகை பொருந்தினாலும் 'இவர் தொட்டார்' என்பதோடு முடிகிறது. ஏன், எப்போது தொட்டார் என்பதை மற்ற சாட்சியம்தான் சொல்ல வேண்டும்.

தீபா, திருச்சி: சந்தேக நபருக்கு உண்மை கண்டறியும் ஊசி போட்டால் வேலை முடிந்ததே?

சினிமாவில் முடியும். சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கவிதா, தஞ்சாவூர்: வீட்டில் திருட்டு நடந்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கூட்டிப் பெருக்காதீர்கள். எது போயிருக்கிறது என்று பீரோவைக் கிளறாதீர்கள். அக்கம்பக்கத்து ஆட்களை உள்ளே விடாமல், முதலில் போலீசுக்குச் சொல்லுங்கள். மழை பெய்து வாசலில் காலடித் தடம் இருந்தால், பக்கெட்டையோ அண்டாவையோ தடத்தில் படாமல் கவிழ்த்து வையுங்கள். வீட்டு ஆட்களின் ரேகையையும் கேட்பார்கள். அது உங்கள்மேல் சந்தேகத்தால் அல்ல, உங்கள் ரேகைகளைக் கழித்துவிட்டு மீதியைப் பார்ப்பதற்காக. தயங்காமல் கொடுத்துவிடுங்கள்.