அம்மாவோடு முள்ளிவாய்க்காலுக்குப் போகலாமா?

தங்கச்சி, 2009 இறுதிப் போரில் அண்ணாவை இழந்த அம்மா, அந்தப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலில் மே 18 நினைவுச் சுடரேற்றக் கூப்பிடுகிறா, "செத்தவர்களுக்கு விளக்கு வைப்பது விக்கிரக ஆராதனை, போகாதே" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நானும் கிளிநொச்சிப் பக்கம் ஒரு சுவிசேஷ சபைதான். போங்கள்.

பாஸ்டரின் பயம் சும்மா வந்ததல்ல. செத்தவர்களிடம் வேண்டுவதையும் அவர்களுக்குப் படைப்பதையும் வேதம் தடுக்கிறது, அதில் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நினைப்பது வேறு, வணங்குவது வேறு. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்ததும் 12 கற்களை எடுத்து வைக்கக் கடவுள் சொன்னதே, நாளைக்குப் பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் (யோசுவா 4). செத்துப்போன லாசருவை உயிரோடு எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு அழுதார். தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போதும் நம்பிக்கையில்லாதவர்களைப் போல் துக்கப்படாதிருங்கள் என்றாரே தவிர, துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை.

அடுத்தது அங்கே நினைவாகக் கொடுக்கும் கஞ்சி. அரிசியும் தண்ணீரும் உப்பும். பால் கிடையாது, போரின் கடைசி நாட்களில் சனத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான். போன வருடம் என் அம்மா சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல், கஞ்சியின் சூடு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தா. அது படையல் இல்லை, தாராளமாகக் குடியுங்கள்.

சுடரைக் கையால் ஏற்ற மனச்சாட்சி உறுத்தினால் ஏற்றவேண்டாம், ரோமர் 14 அதற்கு இடம் தருகிறது, ஆனால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். முதல்நாளே பாஸ்டரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள், முடிந்தால் அவரையும் கூப்பிடுங்கள்.