லண்டனில் எந்தக் கிளைம்பிங் வால்? வாசகர் கேள்விகள்

போல்டரிங்கா, கயிறு கட்டி ஏறுவதா? எதில் தொடங்கலாம்?

போல்டரிங்கில், அதாவது கயிறில்லாமல் தாழ்வான செயற்கைச் சுவரில் ஏறுவதில். துணைக்கு ஆள் வேண்டாம், ஷூ மட்டும் வாடகைக்கு எடுத்தால் போதும். சுவரும் பெரும்பாலும் நாலரை மீட்டருக்குள்தான். ஆனால் கீழே மெத்தை இருக்கிறதே என்று மேலிருந்து குதிக்காதீர்கள். கயிறு இல்லாததால் எப்படி விழுந்தாலும் தரைக்குத்தான் வருவீர்கள். கணுக்காலும் மணிக்கட்டும் அடிபடுவது இதில்தான். முடிந்தவரை பிடித்துப் பிடித்தே இறங்குங்கள். விழ நேர்ந்தால் இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் ஊன்றி, முழங்காலை மடக்கி, பின்பக்கமாக உருண்டுவிடுங்கள். கையைப் பின்னால் ஊன்றவே கூடாது. முதல் நாள் இதைச் சொல்லித்தராமல், கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் இடத்துக்கு நான் யாரையும் அனுப்ப மாட்டேன்.

ஹாரோவில் இருக்கிறேன். எல்லோரும் காஸிலுக்குத்தான் போகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போகலாமா?

காஸில் அருமையான இடம், சந்தேகமே இல்லை. ஸ்டோக் நியூவிங்டன் பக்கம், கிரீன் லேன்ஸ் சாலையில், கோட்டை வடிவில் கட்டிய விக்டோரியா காலத்து நீரேற்று நிலையம் அது. 1995-இல் கிளைம்பிங் மையமாகத் திறந்தார்கள். கயிறும் உண்டு, போல்டரிங்கும் உண்டு. ஒரு சனிக்கிழமை அவசியம் போய்வாருங்கள்.

ஆனால் வாரம் இரண்டு நாள், வேலை முடிந்த களைப்போடு ஹாரோவிலிருந்து அங்கே? சீக்கிரமே விட்டுவிடுவீர்கள். உங்கள் ஊரிலேயே ஹாரோவால் இருக்கிறது. போல்டரிங் பழக அது போதும். கயிறு வேண்டுமென்று தோன்றும்போது, மேற்கு லண்டனில் மேம்பாலத்துக்கு அடியிலிருக்கும் வெஸ்ட்வே. வேலை மத்திய லண்டனிலா? அப்படியானால் வாக்ஸ்ஹாலில் ரயில் பாலத்து வளைவுகளுக்குள் இருக்கும் வாக்ஸ்வாலையும் பாருங்கள். சுவர் எவ்வளவு பெரியது என்பதைவிட, மழை பெய்கிற ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலும் அங்கே போவீர்களா என்பதுதான் முக்கியம்.

மகளுக்குப் பத்து வயது. நானே கயிறு பிடித்து அவளை ஏற்றலாமா?

பிலே, அதாவது ஏறுபவரின் கயிற்றைக் கீழிருந்து பிடித்துக் காக்கத் தெரிந்தால் மட்டும். ஹார்னஸ் (இடுப்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) சரியாக மாட்டுகிறீர்களா, எட்டு வடிவ முடிச்சு போடத் தெரியுமா, கயிறு பிடிக்கத் தெரியுமா என்று ஊழியர் முன் செய்துகாட்டச் சொல்வார்கள். அதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை. அப்படிக் கேட்கிற இடம்தான் நல்ல இடம். தெரியாதென்றால் ஒரு அறிமுக வகுப்பில் சேருங்கள். மகளை நிகாஸ் (NICAS) என்ற உள்ளரங்கக் கிளைம்பிங் பயிற்சித் திட்டப்படி சொல்லித்தரும் சிறுவர் வகுப்பில் விடலாம், படிப்படியாகக் கற்றுத்தருவார்கள்.

ஆட்டோ பிலே (ஆள் இல்லாமல் தானே கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் கருவி) இருக்கும் இடத்தில் ஒன்றை மறக்காதீர்கள்: கயிற்றை மாட்டாமலே ஏறிவிடுவதுதான் அதிலுள்ள பெரிய ஆபத்து. ஒவ்வொரு முறையும் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

ஓரிடத்தில் வி3 ஏறினேன். இன்னோரிடத்தில் வி1 கூட வரவில்லை. ஏன்?

வி எண் என்பது ஏறும் வழி எவ்வளவு கடினம் என்று காட்டும் தரம், எண் கூடக் கூடக் கடினம். தரம் போடுவது மனிதர்கள்தானே, இடத்துக்கு இடம் மாறும். அதை வைத்துச் சுவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ரூட்களை (சுவரில் ஏற அமைத்த வழிகளை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள்.

மாதச் சந்தா எடுக்கலாமா?

உடனே வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் போகப்போகிற நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலைநாளில் மாலை ஆறு மணிக்கு மேல் பல இடங்களில் ஒரு ரூட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.