எந்த புக்கை முதல்ல படிக்கிறது?

கேள்வி: ஏனுங்க, ஜெனிஃபர் சியாவெரினியோட 'எல்ம் க்ரீக் குவில்ட்ஸ்' நாவல் வரிசைல 20 புக்குக்கு மேல இருக்குது, சிலது 1850ஸ்ல நடக்குது, சிலது இப்போ நடக்குது. கதை நடக்கற வருஷப்படி படிக்கிறதா, வெளிவந்த வரிசைல படிக்கிறதா?
– வாசகி, பெருந்துறை

பதில்: வெளிவந்த வரிசைலயே படிங்க அம்முணி. 1999ல வந்த 'தி குவில்ட்டர்ஸ் அப்ரென்டிஸ்' தான் முதல். அதுல சில்வியாங்கற வயசான அம்மா சாராங்கற சின்ன வயசுப் பொண்ணுக்கு குவில்ட்டுங்கற ஒட்டுத்துணி போர்வை தைக்க சொல்லிக் குடுப்பாங்க, கூடவே அவங்க குடும்பக் கதையும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், நாமளும் சாரா கூட உக்காந்து கத்துக்கிட்டே போற மாதிரி இருக்கும், திருப்பூர் கட் பீஸை வெச்சு தைக்கறவங்களுக்கு இன்னும் நல்லாவே பிடிபடும்.

நாலாவது, 'தி ரன்அவே குவில்ட்'. பரண்ல கிடைச்ச பழைய போர்வைங்க, முன்னோர் ஒருத்தவங்க எழுதி வெச்ச குறிப்பு, தப்பிச்சு ஓடி வந்த அடிமைங்க... இதைப் போய் முதல்லயே எடுத்துராதீங்க. சில்வியா தன் குடும்பத்தைப் பத்தி எவ்வளவு பெருமையா நெனச்சிருந்தாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தாத்தான் அந்தக் குறிப்பைப் படிக்கறப்ப அவங்களுக்கு வர்ற வலி நமக்கும் வரும். இது முடிஞ்சப்புறம் 'தி லாஸ்ட் குவில்ட்டர்' எடுங்க, இதுல தப்பிச்சு வர்ற அடிமைப் பொண்ணு ஜோவன்னாவுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு அதுலதான் இருக்குது, நடுவுல வேற புக்கு வந்திருந்தாலும் பரவால்லைங்க. 'தி சுகர் கேம்ப் குவில்ட்' தனிக்கதை, எப்ப வேணா படிக்கலாம்.