ஏரோஸ்பேஸ் எஞ்சினியரிங் பட்டப்படிப்பில் என்ன படிப்பார்கள்?

விமானம், செயற்கைக்கோள் போன்றவற்றை வடிவமைக்கும் படிப்பு இது. சிங்கப்பூரில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 4 ஆண்டுகள் படிக்கலாம்.

இதற்கு ஏன் தனிப் படிப்பு? எடைதான் காரணம். காரில் ஒரு பாகம் பலவீனமாக இருந்தால் தடிமனாக்கிவிடலாம். விமானத்திலோ கூடும் ஒவ்வொரு கிலோவும் எரிபொருளைத் தின்னும். அதனால் காற்றோட்டம், உலோகம், எஞ்சின் எல்லாவற்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மழையில் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடும்போது குடையைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பாருங்கள், கைப்பிடி மேலே இழுக்கும். இறக்கையிலும் அந்த இழுப்புதான். அதைத் துல்லியமாகக் கணக்கிடக் கற்றுத் தருவார்கள். கணிதம் பிடிக்காவிட்டால் சிரமம்தான்.

சரி, வேலை? சிங்கப்பூரின் சிலேத்தார் பகுதியில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனம் பெரிய விமான எஞ்சின்களையே பாகம் பாகமாகப் பொருத்தி உருவாக்குகிறது.

அப்புறம், இது விமானி ஆகும் படிப்பு இல்லை. அதற்குப் பயிற்சியும் உரிமமும் தனி.