லீவு முடிந்தும் தீராத சோர்வு: ஐசியூ நர்ஸ் சகோதரிக்கு

வணக்கம் சகோதரி. பத்து நாள் ஊரில் தூங்கி எழுந்து வந்தும் இரண்டாவது டியூட்டியிலேயே பழைய சோர்வு, நோயாளியின் வீட்டார் ஏதாவது கேட்டாலே எரிச்சல், ராஜினாமா செய்துவிடலாமா என்ற யோசனை, "என் மனசு கல்லாகிவிட்டதா" என்று எழுதியிருந்தீர்கள். இல்லவே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டுக்கு, அதாவது தீராத வேலை அழுத்தத்தால் வரும் சோர்வுக்குச் சொன்ன அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றுவது, வேலையின் மீது மனம் விட்டுப்போவது, செய்யும் வேலையில் திறன் குறைவது. உங்கள் எரிச்சல் அந்த இரண்டாவதில் வருவது. குணக்கேடு அல்ல.

லீவில் உடம்பு தேறியது. ஆனால் திரும்பி வந்தது அதே ரோஸ்டருக்கு, அதே ஆள் பற்றாக்குறைக்கு. நைட் முடித்து ஒரே நாள் இடைவெளியில் காலை ஷிஃப்ட் என்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் குற்றவாளியாகத் தெரிகிறது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிஃப்ட் மாறினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும், தலைகீழாக மாறினால் திணறும். நைட்டுக்குப் பின் இரண்டு நாள் ஓய்வு வேண்டும் என்று நர்சிங் சூப்பரின்டென்டென்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு அடுத்த ரோஸ்டரில் மறந்துபோகும்.

அப்புறம் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். ஓய்வு நாளிலும் எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வாக இருக்கலாம்; அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அழையுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். சாக நினைத்தால் அன்றைக்கே, நள்ளிரவானாலும் கூப்பிடுங்கள்.

ராஜினாமாவா? தூங்கி எழுந்த ஒரு நாளில் முடிவெடுங்கள். நைட் முடிந்த காலையில் மட்டும் அந்தக் கடிதத்தை எழுதாதீர்கள்.