சண்டை பாதி கராஜிலேயே முடிந்துவிடுகிறது

இந்த மாதப் பக்கம் முழுவதும் 'ஆர்மர்டு கோர்' கேம்களுக்கே. சோனியின் கையடக்க கேம் கருவியான பி.எஸ்.பி.யில் இவற்றை ஆடுபவர்களிடமிருந்து அவ்வளவு கடிதங்கள் வந்திருக்கின்றன. இதுவரை ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் 1997-ல் முதல் பிளேஸ்டேஷனுக்காக ஆரம்பித்த வரிசை இது. தலை, உடல், கை, கால், ஜெனரேட்டர், பறக்கவும் வேகமாகப் பாயவும் தள்ளிவிடும் பூஸ்டர், ஆயுதம் என்று ஒவ்வொரு பாகமாக வாங்கி, நம் ராட்சத ரோபோவை நாமே பூட்டி, காசுக்குச் சண்டை போடும் பைலட்டாகக் களத்தில் இறங்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2-ல் வந்த 'ஆர்மர்டு கோர் 3', 'சைலன்ட் லைன்', 'லாஸ்ட் ரேவன்' மூன்றும் 2009, 2010 ஆண்டுகளில் 'போர்ட்டபிள்' என்ற அடைமொழியோடு பி.எஸ்.பி.க்கு வந்தன. இனி கேள்விகள்.

'ஆர்மர்டு கோர் 3 போர்ட்டபிள்' ஆடுகிறேன். வலது கையில் பெரிய லேசர் ரைஃபிள், இரண்டு தோளிலும் மிசைல், உடம்பெல்லாம் கனமான கவசம். பார்க்கவே மிரட்டலாக இருக்கிறது. ஆனால் ஒற்றைக்கு ஒற்றை மோதும் அரீனாவில் கொஞ்சம் பூஸ்ட் அடித்தாலே எனர்ஜி காலியாகி நின்றுவிடுகிறேன். உடனே எதிரி முடித்துவிடுகிறான். என் கை வேகம் போதவில்லையா?
– வாசகர், திண்டுக்கல்

உங்கள் கையில் ஒரு குறையும் இல்லை. குறை நீங்கள் பூட்டிய மெஷினில் இருக்கிறது. பாகங்களை மாற்றும் கராஜ் திரையில் எண்கள் வரிசையாக இருக்குமே, அவற்றைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்த கேமில் பாதிச் சண்டை அந்த எண்களில்தான் நடக்கிறது.

ஜெனரேட்டர் ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரம் தருகிறது. தலை, கை, கால், ரேடார், குறிபார்க்க உதவும் எஃப்.சி.எஸ். என்று பூட்டியிருக்கும் ஒவ்வொரு பாகமும் அதில் ஒரு பங்கை எப்போதும் எடுத்துக்கொண்டே இருக்கிறது. மிஞ்சுவது மட்டும்தான் உங்கள் எனர்ஜி பட்டையை நிரப்பும். மிச்சம் குறைவாக இருந்தால் பட்டை நிரம்பவே நிரம்பாது. இதற்கு மேல் நீங்கள் லேசரையும் மாட்டியிருக்கிறீர்கள். பறக்க பூஸ்டர் எடுப்பதும் அதே பட்டையிலிருந்து, ஒவ்வொரு லேசர் குண்டுக்கும் போவதும் அதே பட்டையிலிருந்து. ஒரே தொட்டித் தண்ணீரில் குளித்துக்கொண்டே துணியும் துவைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகிறது. பட்டை அடிவரை காலியாகிவிட்டால் தண்டனை இன்னும் பெரிது: அது மறுபடி முழுதாக நிரம்பும் வரை பூஸ்டும் கிடையாது, லேசரும் கிடையாது. களத்தின் நடுவில் வெறும் காலால் நடந்துகொண்டிருப்பீர்கள். அந்தச் சில விநாடிகளில்தான் நீங்கள் சாகிறீர்கள்.

லேசரைக் கழற்றிவிட்டு, குண்டு போட்டுச் சுடும் சாதாரண ரைஃபிள் ஒன்றை மாட்டுங்கள். மெஷின் கன்னும் நல்லதுதான். சுடும்போது இரண்டும் எனர்ஜி பட்டையைத் தொடாது. தோளில் ஒரு மிசைல் போதும். இன்னொரு தோள் காலியாகவே இருக்கட்டும். காலியாக விடத் தயங்காதீர்கள். எடை குறைந்தால் அதே பூஸ்டர் உங்களை வேகமாகத் தள்ளும். பிறகு ஜெனரேட்டர் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, மிச்ச மின்சாரம் எதில் அதிகம் வருகிறது என்று கவனியுங்கள்.

பூஸ்ட் பட்டனைப் பிடித்தபடியே இருக்கவும் வேண்டாம். தட்டுங்கள், விடுங்கள், மறுபடி தட்டுங்கள். விட்ட நேரத்தில் ரோபோ சறுக்கிக்கொண்டே போகும், பட்டையும் கொஞ்சம் ஏறும். சோதனை அரங்கில் பட்டையை மட்டும் பார்த்தபடி இதைப் பழகுங்கள். பட்டை பாதிக்குக் கீழே இறங்காமல் அரங்கை ஒரு சுற்று வந்துவிட்டால், அரீனாவில் உங்களை மடக்குவது கடினம்.

காசு போய்விடுமே என்று பாகம் வாங்கத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதில் வாங்கிய பாகத்தை வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம். பயப்படாமல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள். கையை விட்டுப் போகும் காசெல்லாம் களப்பணியில் சுட்ட குண்டுக்கும், அடிவாங்கிய உடம்பைச் சரிசெய்யவும்தான்.

தோளில் பீரங்கி வைத்திருக்கிறேன். சுட வேண்டுமென்றால் ரோபோ மண்டியிட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், நாகர்கோவில்

இரண்டு கால் ரோபோ என்றால் அப்படித்தான். தோள் பீரங்கியின் உதையைத் தாங்க அது உட்கார்ந்தாக வேண்டும். நான்கு காலுக்கும் டேங்க் காலுக்கும் இந்தக் கட்டு இல்லை, ஓடிக்கொண்டே சுடலாம். பீரங்கிதான் வேண்டும் என்றால் காலை மாற்றுங்கள். கால்தான் வேண்டும் என்றால் பீரங்கியை விடுங்கள்.

நான் சுடும் குண்டெல்லாம் எதிரிக்குப் பின்னாலேயே போய் விழுகிறது. லாக் ஆகியும் ஏன் படுவதில்லை?
– வாசகி, ஈரோடு

நல்ல கேள்வி. லாக், அதாவது ரோபோ எதிரியைக் குறிபிடித்துக்கொள்வது, இரண்டு கட்டமாக நடக்கிறது. எதிரி திரையில் உள்ள குறிச் சதுரத்துக்குள் வந்தவுடன் விழுவது முதல் லாக். அப்போது சுட்டால், எதிரி அந்த நொடியில் நிற்கும் இடத்துக்குத்தான் குண்டு போகும். ஓடுகிறவன் அதற்குள் நகர்ந்திருப்பான். கொஞ்சம் பொறுத்தால் இரண்டாவது லாக் விழும். அதன் பிறகு, எதிரி ஓடும் திசையையும் வேகத்தையும் கணக்கில் எடுத்து, அவன் போய்ச் சேரப்போகும் இடத்துக்குச் சுடும். நீங்கள் அவசரப்பட்டு முதல் லாக்கிலேயே சுடுகிறீர்கள்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், சதுரம் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் எஃப்.சி.எஸ். என்ற அந்தச் சின்னப் பாகத்தின் வேலை. வெளியே தெரியாத பாகம் என்பதால் பலர் அதை மாற்றுவதே இல்லை. அகலச் சதுரம் தருவது, உயரச் சதுரம் தருவது, தூரத்தில் லாக் செய்வது என்று வகைகள் இருக்கின்றன. பறக்கும் எதிரிகளிடம் தோற்கிறீர்கள் என்றால் உயரச் சதுரம் எடுத்துப் பாருங்கள்.

இதையே தற்காப்புக்கும் திருப்பிக்கொள்ளலாம். கணக்குப் போட்டுச் சுடும் எதிரி, நீங்கள் அதே திசையில் போய்க்கொண்டே இருப்பீர்கள் என்று நம்பிச் சுடுகிறான். அவன் சுடும் நேரம் பார்த்துத் திசையைத் திருப்பிவிட்டால் குண்டு காலி இடத்தில் விழும்.

'ஃபார்முலா ஃபிரன்ட்' என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் நாம் ரோபோவை ஓட்டவே முடியாதாம். அப்படியானால் எதற்கு ஆட வேண்டும்?
– வாசகர், மதுரை

பி.எஸ்.பி. ஜப்பானில் வெளியான அதே நாளில், 2004 டிசம்பர் 12 அன்று, கூடவே கடைக்கு வந்த கேம் அது. ஆள் இல்லாத ரோபோக்களை மோதவிடும் ஒரு லீக்தான் கதை. நீங்கள் பைலட் இல்லை, வடிவமைப்பாளர். உடம்பைப் பூட்டுவீர்கள், அதன் மூளையையும் அமைப்பீர்கள்: எதிரியிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்படி நகர்வது, எந்த ஆயுதத்தை விரும்புவது என்று. மணி அடித்ததும் உங்கள் வேலை முடிந்தது. கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். 2005-ன் கடைசியில் வந்த சர்வதேசப் பதிப்பில் நாமே ஓட்டும் வசதியையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் வந்ததும் அந்த வசதி உள்ளதுதான். ஆகவே நீங்கள் கேள்விப்பட்டது முதல் ஜப்பானியப் பதிப்புக்கு மட்டும் பொருந்தும்.

ஆனாலும் நான் சொல்வது, ஓட்டாமல் ஆடுங்கள். இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஓட்டும்போது நம் கைத்திறமை, மோசமாகப் பூட்டிய மெஷினைக்கூட இழுத்துக்கொண்டு போய் ஜெயிக்க வைத்துவிடும். இதில் அந்தச் சலுகை கிடையாது. கிட்டப் போய் வெட்டும் வாளைக் கையில் கொடுத்துவிட்டு, தூரத்தில் நில் என்று மூளைக்குச் சொல்லியிருந்தால், ரோபோ தூரத்திலேயே நின்று வாளைத் தொடாமல் அடிவாங்கிச் சாகும். அது உங்கள் கட்டளையைத்தான் நிறைவேற்றியது. தோற்ற சண்டையை உட்கார்ந்து பார்க்கும்போது, எந்த இடத்தில் உடம்பும் மூளையும் ஒத்துப்போகவில்லை என்று கண்ணுக்குத் தெரியும். திரும்பப் போய் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி மறுபடி விடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

பஸ்ஸிலும் ரயிலிலும் ஆட இதைவிடப் பொருத்தமான ராட்சத ரோபோ கேம் கிடையாது. சண்டை நடக்கும்போது விரல்களுக்கு வேலையே இல்லை.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். இந்த கேமில் சண்டைகூடப் போடாமல் மணிக்கணக்காக ரோபோவுக்குப் பெயின்ட் அடிப்பதும், பாகங்களைக் கழற்றி மாட்டுவதுமாகவே இருக்கிறான். இது சரியா?
– தாயார், கும்பகோணம்

தாராளமாகச் சரி, அம்மா. இந்த கேமை அப்படித்தான் ஆட வேண்டும். பாகங்களின் நிறத்தைத் தனித்தனியாக மாற்றலாம், தோளில் வரும் சின்னத்தைப் புள்ளி புள்ளியாக நாமே வரையலாம். அவன் சின்னம் ஏதாவது வரைந்திருக்கிறானா என்று கேட்டுப் பாருங்கள், நிச்சயம் காட்டுவான்.

பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் காலை ஏன்டா எடுத்தே?" அது எத்தனை எடை தாங்கும், எவ்வளவு மின்சாரம் தின்னும், அதனால் எந்தத் துப்பாக்கியைத் தியாகம் செய்தான் என்று அவன் சொல்லத் தொடங்குவான். எடை, கொள்ளளவு, உற்பத்தி, செலவு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஈடுகட்டிப் பார்க்கும் கணக்கு அது. சாப்பாட்டு நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் நீங்கள் கண்டிப்பாக வையுங்கள். பெயின்ட் அடிக்கும் நேரத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

பழைய பி.எஸ்.பி. ஒன்று வாங்கினேன். பின்பக்க மூடி லேசாக மேலே எழும்பி நிற்கிறது. ரோபோவும் நான் தொடாமலேயே ஒரு பக்கமாக நகர்கிறது. கேம் கோளாறா?
– வாசகர், சேலம்

மூடியை முதலில் பாருங்கள். நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அது பேட்டரி உப்பியிருப்பதன் அடையாளம். இனி சார்ஜ் போடாதீர்கள், அமுக்கி மூடவும் பார்க்காதீர்கள், குத்திவிடவே கூடாது. கழற்றி எடுத்து, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள்.

தானாக நகர்வது அனலாக் குமிழின் கோளாறு. முன்மூடியைத் திறந்தால் குமிழுக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். அங்கே அழுக்கு சேர்ந்தாலும் இப்படி இழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அந்தத் தொடுமுனைகளைத் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் குமிழையே மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை.

'லாஸ்ட் ரேவன்' தாங்க முடியாத கஷ்டம். யாராவது ஜெயித்த பில்டை, அதாவது அவர்கள் பூட்டிய பாகங்களை, அப்படியே காப்பி அடிக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம் என்பேன். 'லாஸ்ட் ரேவன்' மூன்று 'போர்ட்டபிள்' கேம்களில் மிகக் கடினமானது, உண்மை. பூஸ்ட் அடித்தாலே உடம்பு சூடேறும். அடி விழ விழ தலை, கை, கால் எல்லாம் தனித்தனியாகப் பழுதாகும். அதனால்தான் காப்பி அடித்த பில்டு இங்கே சரிப்பட்டு வராது. அதைப் பூட்டியவர் எத்தனை நேரம் பறப்பார், எவ்வளவு கிட்டே போவார் என்ற பழக்கத்துக்கு ஏற்பத்தான் அந்த ரேடியேட்டரையும் பூஸ்டரையும் எடுத்திருப்பார். உங்கள் பழக்கம் வேறு. அவர் மெஷினில் நீங்கள் சூடாகிக்கொண்டே இருப்பீர்கள், ஏன் என்றே தெரியாது.

நீங்கள் எப்படிச் சாகிறீர்கள் என்று கவனியுங்கள். சூட்டில் சாகிறீர்களா, குண்டு தீர்ந்து சாகிறீர்களா, எனர்ஜி போய்ச் சாகிறீர்களா? சூடு என்றால் குளிர்விக்கும் திறன் அதிகமுள்ள ரேடியேட்டரும், சூடு குறைவாகக் கிளப்பும் பூஸ்டரும். குண்டு என்றால், தீர்ந்த ஆயுதத்தைக் களத்திலேயே கழற்றிப் போட்டு எடையைக் குறைத்துவிட்டு, மிச்சமுள்ள ஆயுதத்தோடு தொடருங்கள். எனர்ஜிக்கு, திண்டுக்கல் வாசகருக்குச் சொன்னதேதான் பதில்.

நானும் தம்பியும் ஆளுக்கொரு பி.எஸ்.பி.யில் 'ஆர்மர்டு கோர் 3' மோதுகிறோம். எப்போதும் அவன்தான் ஜெயிக்கிறான். ஏதாவது வழி?
– வாசகி, தூத்துக்குடி

ஆளுக்கொரு மெஷினைப் பூட்டிவிட்டு, பி.எஸ்.பி.யை மாற்றிக்கொள்ளுங்கள். அவன் பூட்டியதை நீங்கள் ஓட்டுங்கள், நீங்கள் பூட்டியதை அவன் ஓட்டட்டும். அப்போதும் அவனே ஜெயித்தால் கை வேகம் அவனுடையது, பழக வேண்டியது நீங்கள். நீங்கள் ஜெயித்தால் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதற்குள் அதன் பாகங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், முதலில் ஜெனரேட்டரை.